அன்னங்கள் இறங்கும் குளத்திலிருந்து

தம்பி,

நகரத்துக்குள் ட்வெய்ட்டாவில் எங்களுக்கென்று நீ பார்த்து அனுப்பிய மாடி வீட்டுப் படங்களை நானும் அம்மாவும் குசினி மேசையில் அருகருகே இருந்து பார்த்தோம். நல்ல வீடு. லிஃப்ட் இருக்கிறது, கீழே இறங்கினால் கடைகள், அடுத்த கட்டடத்தில் உன் மாமி. ஜனவரியில் நீயும் மருமகள் ஷாலினியும் அவுஸ்திரேலியாவுக்குப் போவதற்கு முன்னால் எங்களை ஒரு பாதுகாப்பான இடத்தில் இருத்திவிட்டுப் போகவேண்டும் என்று நீ நினைக்கிறாய். அப்படி நினைக்கிற பிள்ளையைப் பெற்றதற்கு நான் சந்தோஷப்படுகிறேன். ஆனால் நாங்கள் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை வாசித்து நீ ஏமாறக்கூடாது. ஏன் வரவில்லை என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன். தொலைபேசியில் சொன்னால் நீ இடையில் "அப்பா, அப்பா" என்று மறித்துக்கொண்டே இருப்பாய்; கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை. இதை ஷாலினிக்கும் வாசித்துக் காட்டு. பெற்றோரை எங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் உன் வயதுப் பிள்ளைகள் யார் வாசித்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

இந்த வீட்டைப் பைத்தியக்காரத்தனமாக வாங்கியவன் நான். மோர்டென்ஸ்ருட் என்ற கடைசி மெட்ரோ ஸ்டேஷனில் இருந்து மேலே போகும் பஸ்ஸை நான் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், காட்டோரத்துச் சரளைப் பாதை தொடங்கும் இடத்தில் விற்பனைப் பலகை மாதக்கணக்காக நின்றது. பின்வளவு முழுக்கக் குளம் என்பதால் ஒருவரும் வாங்கவில்லை. குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் பனிக்கட்டி வெட்டி விற்பதற்காகக் கட்டிய குளம் அது. நாங்கள் வாங்கியபோது கரையெல்லாம் ஆல்டர் மரமும் வில்லோப் பற்றையும் மூடி, நடுவில் மட்டும் கறுத்த தண்ணீர் தெரிந்தது. பாதிக் குளம் எங்களுக்கு, மறுபாதி அக்கரையில் சிறு கோடை வீடு வைத்திருக்கும் ஆர்னேக்கு. உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நுளம்பு கடிக்கிறது என்று ஒரு கிழமை நீ என்னோடு கதைக்கவில்லை.

அதே ஆண்டுதான் பள்ளிக்கூடத்தில் நீச்சல் தேறாமல் வந்து, இனி நீச்சல் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று நீ அறைக்கதவைப் பூட்டியது. அம்மா என்ன செய்தாள் என்று ஞாபகம் இருக்கிறதா? மன்னாரில் கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவள். அடுத்த கிழமையே பெண்களுக்கான நீச்சல் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். மூக்காலும் வாயாலும் தண்ணீர் குடித்து, கண் சிவந்து வீட்டுக்கு வந்து உன் கதவுக்கு வெளியில் நின்று, "நான் இண்டைக்கு அரைவாசித் தூரம் போனனான். நீ?" என்று கேட்டாள். நீ கதவைத் திறந்தாய். உனக்கு அது ஒரு சிரிப்பான பழைய கதை. எனக்கு அது உன் அம்மா யார் என்பது. அவள் புத்திமதி சொல்லமாட்டாள். தானே தண்ணீருக்குள் இறங்கிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் படுக்கையில் விழுந்த காலத்தை நீ முழுதாகப் பார்க்கவில்லை. நீ பெர்கனில் வேலைக்குப் போய்விட்டாய். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி அவளுடைய முதுகு போய், சத்திரசிகிச்சை செய்து, அதுவும் சரிவராமல், கடைசியில் இனி வேலை செய்ய முடியாது என்று எழுதி ஓய்வு கொடுத்தார்கள். அவள் வேலையை விட்டாள் என்று மட்டும் உனக்குச் சொன்னோம். அவள் எழும்புவதையே விட்டுவிட்டாள் என்பதைச் சொல்லவில்லை. பின்பக்க அறையில் யன்னலைப் பார்த்தபடி கிடப்பாள். சாப்பிடுகிறாயா என்றால் "ஓம்." என்ன வேணும் என்றால் "ஒண்டும் இல்லை." ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட வெளிக்கிடவில்லை. நீ தொலைபேசி எடுக்கும்போது மட்டும் குரலைச் செருமிக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கதைப்பாள். வைத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள். டொக்டர் குளிசை கொடுத்தார். குளிசை அவளை இன்னும் கொஞ்சம் நித்திரை கொள்ள வைத்தது, அவ்வளவுதான்.

அந்த மார்ச் மாதம் ஒருநாள் காலை நான் தேத்தண்ணியோடு போனபோது அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வெளியில் எக்காளம் ஊதுவது போல ஒரு சத்தம். இரண்டு அன்னங்கள், கழுத்தை நீட்டிக்கொண்டு, குளத்துக்கு மேலே தாழ வட்டமடித்தன. கால்களைக்கூட ஒருதரம் கீழே நீட்டின. பிறகு மரங்களுக்கு மேலால் எழும்பிப் போய்விட்டன. இங்கே நோர்வேயில் சங்ஸ்வானே என்கிறார்கள், பாடும் அன்னம். மஞ்சள் அலகு. நான் அன்னத்தைக் குத்துவிளக்கின் உச்சியில்தான் பார்த்திருக்கிறேன். அம்மா யன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அதுகள் இறங்கப் பாத்தவை. இறங்க இடமில்லாமல் போயிட்டுதுகள்."

"காட்டுப் பறவைதானே, வேறை எங்கையும் இறங்கும்," என்றேன்.

"வேறை எங்கையும் ஏன்? இஞ்சை இறங்கோணும்."

அன்று மத்தியானம் அவள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு குளக்கரைக்கு நடந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. நான் பின்னாலேயே, அவள் இருப்பதற்கு ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போனேன். தம்பி, எங்கள் குளத்துக் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. நீ நினைப்பது போல என் ஓய்வுக்காலப் பொழுதுபோக்கில் இருந்து அல்ல.

அன்னத்தை எப்படி வரவழைப்பது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த வழியெல்லாம் பிழையாகப் போனது. முதலில் பாண் துண்டுகளைப் பிய்த்துப் போட்டேன். வாத்துகள் வந்தன, வாத்துக்குப் பின்னால் எலிகள் வந்தன. பிறகு இணையத்தில் ஒரு பிளாஸ்டிக் அன்னம் வாங்கி மிதக்கவிட்டேன், சொந்தக்காரர் என்று நினைத்து மற்றவை இறங்கும் என்று. முதல் காற்றுக்கே அது தலைகீழாகக் கவிழ்ந்தது. நடக்கப்போன ஒரு பெண்மணி கதவைத் தட்டி, உங்கள் குளத்தில் ஒரு அன்னம் செத்துக் கிடக்கிறது என்று கண்கலங்கச் சொன்னார். அம்மா அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு நீ தொலைபேசியில் கேட்கிற சிரிப்பு இல்லை. அதற்காக இன்னும் பத்துப் பிளாஸ்டிக் அன்னம் வாங்கவும் நான் தயாராக இருந்தேன்.

சரியான வழியைச் சொன்னவன் கார்த்திக். கோயம்புத்தூர்ப் பொடியன், இங்கே கணினி வேலை, கீழே வரிசை வீடுகளில் மனைவி பிள்ளையோடு இருக்கிறான். தொலைநோக்கியைக் கழுத்தில் தொங்கவிட்டு எங்கள் பாதையில் அடிக்கடி நடப்பான். யார் இவன், எங்கள் வீட்டை உளவு பார்க்கிறான் என்று நான் முறைத்துக்கொண்டிருக்க, அம்மா கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்துவிட்டாள். அவனுக்குப் பறவைகள் என்றால் உயிர். அம்மா, "அந்த ரெண்டும் நல்ல வடிவு, தம்பி" என்றதும், "என்ன வடிவம்ங்கக்கா? வட்டமாவா பறந்துச்சு?" என்று கேட்டான். வடிவு என்றால் அழகு என்று விளங்கப்படுத்தவே ஒரு கோப்பை தேத்தண்ணி முடிந்தது. பிறகு குளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணா, இவ்ளோ பெரிய ஒடம்பு, நின்ன எடத்துல எந்திரிக்க முடியாதுங்க. தண்ணி மேல ஓடித்தான் எந்திரிக்கும், ஃப்ளைட் மாதிரி. உங்க குளத்துல ரன்வே இல்லீங்க. ரெண்டு பக்கமும் மரம் அடைச்சிருக்கு. எறங்குனா மாட்டிக்கும்னு அதுக்கே தெரியும்."

"அப்ப மரத்தை வெட்டினால்?" என்றாள் அம்மா.

"வெட்டுனா வரலாம்ங்க. வராமலும் போகலாம்."

"வரலாம் எண்டால் போதும்."

அப்படித்தான் தொடங்கினோம். குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்த பிறகுதான் வெட்டலாம் என்று நகரசபையில் சொன்னார்கள். ஆகஸ்ட் வரை காத்திருந்தோம். நான் வெட்டினேன், அம்மா கிளைகளை இழுத்தாள். நான் வேண்டாம் என்றேன். "சும்மா படுத்துக் கிடக்கேக்கையும் நொந்ததுதானே. இது வேலை செய்து நோகிற நோ. இதை நான் தாங்குவன்," என்றாள். உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடம் போய், எதைத் தூக்கலாம், எப்படிக் குனியலாம் என்று கேட்டு வந்தாள். இடுப்புவரை வரும் ரப்பர் காற்சட்டை போட்டுக்கொண்டு ஆழமில்லாத பக்கத்தில் இறங்கி, கோரையை ஒரு பக்கம் களைந்து, ஒரு பக்கம் விட்டாள். அன்னம் கழுத்தை நீட்டி அடியில் இருக்கிற பாசியையும் கிழங்கையும் தின்னும். அதற்கு ஆழம் அளவாக இருக்கவேண்டும். இதெல்லாம் அவள் நோர்வே மொழிப் புத்தகங்களை நூலகத்தில் இருந்து எடுத்து, சொல் சொல்லாகப் பார்த்துப் படித்தது. நான் பழைய பீப்பாய்களையும் பலகைகளையும் கட்டி, நரி எட்டாமல் கூடு வைக்க ஒரு மிதவை செய்தேன். அழகான மிதவை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த ஏப்ரலில் வந்தன. பின்னேரம், மழை தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் குசினியில் விளக்கைப் போடாமல் இருந்தோம். இரண்டும் தாழ வந்து, கால்களை முன்னால் நீட்டி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கின. அம்மா என் கையைப் பிடித்தாள். இருட்டாகும்வரை அப்படியே இருந்தோம். அந்தப் பிடியில் என் விரல்கள் நொந்தன. எடுக்க மனம் வரவில்லை.

அடுத்த நாள் காலை பனிப்புகார் மூடியிருந்தது. இரண்டும் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தோம். முதலாவது எழும்பிப் போய்விட்டது. இரண்டாவது எழும்பியது; பிறகு இழுத்துக் கட்டிய கம்பியை யாரோ அடித்தது போல ஒரு சத்தம். குளத்துக்குக் குறுக்கே ஆர்னேயின் கோடை வீட்டுக்கு ஒரு மின்கம்பி போனது உனக்குத் தெரியும். இத்தனை வருடமாக அதை நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம், தம்பி. மரங்களை அளந்தோம், தண்ணீரை அளந்தோம், தலைக்கு மேலே இருந்ததை ஒருவரும் யோசிக்கவில்லை, கார்த்திக்கும் யோசிக்கவில்லை. அன்னம் கரையோரத் தண்ணீரில் விழுந்தது. அம்மா வீட்டுச் செருப்போடு இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டாள். பறவைக் காய்ச்சல் இருக்கலாம், தொடாதே என்று நான் கத்தினேன். அவள் தொடவில்லை. பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிட்டது. அறிவித்தோம், கையுறை போட்ட இரண்டு பேர் வந்து எடுத்துப் போனார்கள். மற்றது திரும்பி வந்து நாட்கணக்காகக் குளத்தில் நின்று கூப்பிட்டது. யன்னலைச் சாத்தினாலும் கேட்டது. பிறகு ஒருநாள் அதுவும் போய்விட்டது.

அந்தக் கிழமைதான், நடந்ததைக் கேள்விப்பட்டு நீ தொலைபேசி எடுத்து, "போதும் அப்பா. அம்மாவை அந்தக் குளத்திலை இருந்து வெளியிலை எடுங்கோ. வீட்டை வித்துப்போட்டு ஃபிளாட்டுக்கு வாங்கோ" என்றது. நான் ஓம் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவள் திரும்பக் கட்டிலுக்குப் போய்விடுவாள் என்ற பயம் எனக்கு. அவள் அறைக்குள் போனாள், கதவைச் சாத்தினாள். இனி முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கோயிலுக்குப் போடுகிற நீலக் கோட்டும் போட்டு, தலை இழுத்துக் கட்டி நின்றாள்.

"எங்கை வெளிக்கிடுறீர்?"

"ஆர்னேட்டை. நீங்கள் வாறதெண்டால் வாங்கோ."

ஆர்னே அப்போதுதான் கோடை வீட்டைத் திறக்க வந்திருந்தார். தனி மனிதர், அதிகம் கதைக்கமாட்டார், இத்தனை வருடத்தில் எங்களோடு கதைத்தது தலையசைப்பு மட்டும். அம்மா வாசலில் நின்று, தன்னுடைய நோர்வே மொழியில், முகவுரை இல்லாமல் சொன்னாள்: அந்தக் கம்பி கீழே இறங்கவேண்டும். அது என் அப்பா காலத்தில் இருந்து இருக்கிறது என்றார் அவர். இதற்கு முன்னாலும் பறவைகள் அடிபட்டிருக்கின்றன என்றார். அம்மா அவரை நேரே பார்த்தாள்.

"அப்போ உங்களுக்குத் தெரிந்திருக்கிறது," என்றாள்.

அவர் கதவைச் சாத்திவிட்டார். திரும்பி வரும்போது நான், பேசாமல் விடுவோம், அயல் மனிதரோடு பகை எதற்கு என்றேன். "பகைக்கப் போகேல்லை. கேக்கப் போனனான். திரும்பவும் கேப்பன்," என்றாள். ஆனால் அவள் திரும்பப் போய்க் கேட்கவில்லை. அதைவிடக் கெட்டித்தனமாக ஒன்று செய்தாள். அவருடைய கரையில் பல வருடமாகச் சிக்கிக் கிடந்த தூண்டில் நூலையும் ஈயக் குண்டுகளையும் பொறுக்கத் தொடங்கினாள். அன்னம் ஈயத்தை விழுங்கினால் செத்துப்போகும் என்று படித்திருந்தாள். அவர் யன்னலால் பார்ப்பார். அவள் நிமிர்ந்து காலை வணக்கம் சொல்வாள், குனிந்து பொறுக்குவாள். இப்படிப் பல நாள். ஒருநாள் அவர் ஒரு நீண்ட வாரியோடு இறங்கி வந்தார். அது அவருடைய அப்பாவின் தூண்டில் நூல்களாம். இரண்டு பேரும் ஒரு காலை முழுக்க வாரினார்கள். கடைசியில் அவர் சொன்னார்: மின்சாரக் கம்பெனியிடம் விசாரித்தேன். கேபிளை நிலத்துக்குள் போடுவார்கள், ஆனால் நிலம் உறைவதற்கு முன்னால் கரையைச் சுற்றிக் குழி தயாராக இருக்கவேண்டும். எனக்கு இடுப்பு ஏலாது. யார் வெட்டுவது?

"நாங்கள்," என்றாள் அம்மா, ரொட்டிக்கு மா பிசைகிறேன் என்று சொல்வது போல.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை வெட்டினோம். கோயில் ஆட்கள் வந்தார்கள். வீதி வேலை செய்யும் மட்டக்களப்புக்காரர் ஒருவர் சின்ன வெட்டும் இயந்திரத்தோடு வந்தார். கார்த்திக் தன் அலுவலக நண்பர்களைக் கூட்டி வந்தான். அவர்கள் மண்வெட்டி பிடித்த விதத்தைப் பார்த்து எங்கள் ஆட்கள் சிரிக்க, எங்கள் ஆட்கள் கதைப்பது விளங்காமல் அவர்கள் சிரிக்க, மத்தியானத்துக்குள் எல்லோரும் ஒரே சேறு. இயந்திரம் போக முடியாத வேர்ப் பக்கத்தைக் கையால் வெட்டினோம். அம்மா பெரிய சட்டியில் ஆட்டிறைச்சிக் கறி வைத்திருந்தாள். ஆர்னே இடியப்பத்தைக் கரண்டியால் எடுக்கப் பார்த்துத் தோற்று, கடைசியில் கையால் சாப்பிட்டார், சொதி இன்னும் கொஞ்சம் கேட்டார். இதில் எதையும் உனக்கு நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் நீ பெர்கனில் இருந்து விமானம் ஏறி வந்து அம்மாவின் கையில் இருந்து வாளியைப் பறித்திருப்பாய். உன் கல்யாண அலுவல் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அந்தக் கல்யாணத்தில் அம்மா நாள் முழுக்க நின்றாள், எல்லோரையும் வரவேற்றாள், உன் நண்பர்களோடு ஆடினாள். முதுகு எப்படிச் சரிவந்தது என்று நீயே கேட்டாய். அவள் குளிசை மாற்றினேன் என்றாள். அது குளிசை இல்லை, தம்பி.

ஒக்டோபரில் கம்பி இறங்கியது. வேலையாட்கள் அதைச் சுருட்டி வண்டியில் ஏற்றியபோது அம்மா கரையில் நின்று வானத்தைப் பார்த்தாள். ஒரு கோடும் இல்லாத வானம்.

இந்த ஏப்ரலில் வந்த சோடி நின்றுவிட்டது. நான் பெருமையோடு கட்டிய மிதவையில் வாத்துகள் குடியேற, அன்னங்கள் அம்மா களையாமல் விட்ட கோரைக்குள் போய்க் கூடு கட்டின. நான் அதையும் வெட்டிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த கோரை. குஞ்சுகளின் படங்களை உனக்கு அனுப்பினோம், நீ இதயக்குறி போட்டாய். உனக்கு நேரமில்லை என்று எனக்குத் தெரியும், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படங்களில் என்ன இல்லை என்று சொல்கிறேன். அம்மா காலையில் எனக்கு முதல் எழும்பி, குசினிக் கதவை மெல்லத் திறந்து, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியில் போகிற சத்தம் அவற்றில் இல்லை. நான் கட்டிலில் கிடந்து அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். ட்வெய்ட்டாவில் எந்த மாடியில் எனக்கு அது கிடைக்கும்? லிஃப்ட் ஏறவும் இறங்கவும் நல்லது. அவளுக்கு வேண்டியது எழும்ப ஒரு காரணம்.

நீயும் புதிதாக ஒரு வாழ்க்கை தொடங்கி, தெரியாத தேசத்துக்குப் போகிறாய். உனக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். ஷாலினி எப்போதாவது உனக்கு விளங்காத ஒன்றை வேண்டும் என்று சொன்னால், அது எதற்கு என்று கேட்பதற்கு முதல் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போ. அவளுக்கு நோகும் என்று பயந்து அவளுடைய வேலையை நீ பறிக்காதே. உனக்கு நோகும்போதும் உன் வேலையை யாரிடமும் கொடுக்காதே. அக்கறையால் ஒரு ஆளைப் படுக்க வைக்கலாம், தம்பி. நான் கிட்டத்தட்ட அதைத்தான் செய்யப் பார்த்தேன். நீயும் இப்போது அதைத்தான் செய்யப் பார்க்கிறாய், அன்போடு.

போன கிழமை அன்னங்கள் போய்விட்டன. கரையோரம் பனிக்கட்டி பிடிக்கத் தொடங்கியிருந்தது. குஞ்சுகள் சாம்பல் நிறத்தில், தாய் தகப்பன் அளவுக்கு வளர்ந்து, ஒரு மாதமாக ஓடிப் பழகிக்கொண்டிருந்தன. காற்று எதிர்ப்பக்கம் இருந்து வீசிய ஒரு காலை, தகப்பன் முதலில் ஓடியது, பிறகு ஒவ்வொன்றாக. கடைசிக் குஞ்சு எழும்பாமல் ஆர்னேயின் கரைவரை ஓடி, நின்று, திரும்பி நீந்தி வந்தது. தாய் எழும்பவில்லை, காத்து நின்றது. ஆர்னே அக்கரையில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். இரண்டாவது தரம் ஓடியபோது அது எழும்பியது, மரங்களுக்கு மேலால் போனது, தாய் பின்னால் போனது. சத்தம் தேய்ந்து தேய்ந்து, பிறகு குளம் சும்மா கிடந்தது.

அம்மா அழுவாள் என்று நினைத்துத் தயாராக நின்றேன். அவள், தொலைநோக்கியோடு பக்கத்தில் நின்ற கார்த்திக்கைப் பார்த்து, "வாற வருசம் எல்லாரும் திரும்பி வருவினமோ?" என்று கேட்டாள்.

"அப்பா அம்மா வரலாம்ங்கக்கா. குட்டிங்களும் கூட வரும். ஆனா புதுசா கூடு வைக்கிறப்ப, பெருசுங்க அதுகளத் தொரத்தி விட்ருங்க. ஒரு குளத்துல ஒரு குடும்பந்தான் இருக்கும்."

"கலைச்சுவிட்டால் அதுகள் எங்கை போறது?"

"வேற குளம் தேடணும்ங்க."

அம்மா வீட்டுக்குள் போனாள். அன்றைக்கு அவளுடைய முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். மறுநாள் ஆர்னே வந்து குசினி மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார். காட்டுக்குள், இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், இன்னொரு பனிக்கட்டிக் குளம் இருக்கிறதாம். எங்களுடையதைவிட நீளம். அவருடைய தாய் வழிச் சொந்தக்காரருடையதாம், கேட்டால் மறுக்கமாட்டார்களாம். மரம் மூடி, தண்ணீரே தெரியாமல் கிடக்கிறதாம். இரண்டு பேரும் ஒரு பென்சிலை மாறி மாறி வாங்கிக் கோடு போட்டார்கள். நான் எத்தனை வருட வேலை இது என்று கேட்டேன். இரண்டு பேரும் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆகவே வீடு விற்பனைக்கு இல்லை. ட்வெய்ட்டா வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லிவிடு, மாமிக்கு நான் சொல்கிறேன். அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டு வா. அங்கே அன்னம் கறுப்பாக இருக்குமாம், அம்மா நம்பமாட்டேன் என்கிறாள், ஒரு படம் அனுப்பு. வரும்போது ஷாலினிக்கு அளவான ரப்பர் காற்சட்டை ஒன்று வாங்கி வைத்திருப்போம். உனக்கும்தான். எங்களைப் பார்க்க வருகிறவர்கள் இனிச் சும்மா இருக்க முடியாது என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

இப்போது அவள் வாசலில் நிற்கிறாள். ஒரு கையில் மரம் அரியும் வாள், மறு கையில் என்னுடைய கையுறை.

"இன்னும் எழுதி முடியேல்லையோ? நாலு மணிக்கு முன்னம் வெளிச்சம் போயிடும். எழும்புங்கோ."

எழும்புகிறேன், தம்பி.

அப்பா